அண்ணையின்ர பங்கைத் திண்ட கரடி

கண்ணாடியிலை திரும்பத் திரும்பப் பாக்கிறியள் தம்பி. நீங்கள் றோட்டைப் பாத்து ஓடுங்கோ, நான் சொல்லுறன். பின்னாலை என்ர ட்ரக்கை மூடின படங்குக்கு வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்கிறது கால்தான். ஓம், கரடியின்ர கால். செத்திட்டுது, பயப்படாதேங்கோ. அனுமதிச் சீட்டு இருக்கு, வயித்துக்கை எட்டுப் பை ஐஸ் வைச்சிருக்கு, களவு ஒண்டும் இல்லை. இண்டைக்குக் காலமை ஏழே முக்காலுக்கு நான் தனிய இருந்து வில்லாலை அம்பு விட்டு விழுத்தின கரடி. வில்லாலை எண்டனான், கேட்டதோ? துவக்காலை எண்டால் ஆரும் சுடுவான்.

என்ர பேர் யோகராசா. ஏஜாக்ஸிலை என்ர வீட்டுக்கு அரை மணித்தியாலம். இந்த ட்ராவிக்கிலை முக்கால் எடுக்கும். காணும், சொல்லி முடிச்சிடுவன்.

நீங்கள் என்ர ட்ரக்கைக் கொழுவி இழுத்த வீடு ஆரின்ர எண்டு தெரியுமோ? என்ர தமையன்ர. பேரின்பநாதன். மூண்டு வருசத்துக்கு முந்திச் செத்துப்போனார், இண்டைக்குத் திவசம். அதுதான் வாசல் நிறையக் கார். யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்ட சனத்தைக் கண்டனீங்கள்தானே? வடையைக் கையிலை வைச்சுக்கொண்டு, கடிக்கவும் மறந்து நிண்டுதுகள். அதிலை ஒரு மெல்லிசு, ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டானே, அவன் கேதீஸ். என்ர மனிசியின்ர தம்பி. அவனிட்டைப் பேந்து வாறன். அவனுக்கு இருக்கு.

முதல் ஒரு கலியாணக் காட், அந்த அழைப்பிதழைப் பற்றிச் சொல்லோணும். அது இல்லாட்டில் உங்களுக்கு விளங்காது.

பதினொரு வருசத்துக்கு முந்தி அண்ணையின்ர மகளுக்குக் கலியாணம். காட் வந்தது. பொன்னெழுத்து, சந்தன வாசம் எல்லாம் போட்டு. உள்ளுக்கை மாமன்மார், சித்தப்பாமார், சித்தப்பா முறையான ஆக்கள், சித்தப்பாவின்ர சிநேகிதன் எண்டு பதினாறு பேர். என்ர பேர் இல்லை. கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான் தம்பி, வேற ஆளில்லை. கண்ணாடியைப் போட்டுப் பாத்தன், கழட்டிப் பாத்தன். இல்லை. அண்ணை ஓடி வந்தார். "டேய், அச்சடிச்சவன் ஒரு வரியை விட்டிட்டானடா, நானும் வாசிக்காமல் ஓம் எண்டிட்டன்" எண்டார். வாசிக்காமல் ஓம் எண்டிட்டாராம்! அவரின்ர மூஞ்சிக்கு நேரை கதவைச் சாத்தினன்.

கலியாணத்துக்குப் போகேல்லை. அதோடை கதை இல்லை. எட்டு வருசம். ஒரே ஊர், ஒரே கோயில். அவர் முன்வாசலாலை வந்தால் நான் பக்கத்து வாசலாலை போயிடுவன். என்ர மனிசி வதனி சிலவேளை, "பாவம், அவர் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்" எண்டுவா. பாக்கட்டும். அச்சடிச்ச அழைப்பை நல்லாப் பாத்திருந்தால் என்னை இப்பப் பாக்க வேண்டி வந்திருக்காதே.

பிறகு கிட்னி பழுதாகி ஆஸ்பத்திரியிலை கிடந்தார். ஃபோன் அடிச்சவர். மூண்டு தரம். ஒரு வியாழன், அடுத்த சனி, அடுத்த திங்கள். மூண்டு தரமும் ஃபோன் மேசையிலை கிடந்து நடுங்கினதை நான் பாத்துக்கொண்டு இருந்தனான். எனக்கெண்டு ஒரு ரோசம் இருக்குத்தானே தம்பி? நாலாந்தரம் அடிச்சால் எடுப்பம் எண்டு இருந்தன். சத்தியமாய் எடுத்திருப்பன். அவர் அடிக்கேல்லை.

செத்தவீட்டுக்குப் போனன். போகாமல் இருப்பனே? வாசல்லை அண்ணி நிண்டா, புனிதம் எண்டு பேர். அத்தனை சனத்துக்கு முன்னாலை கேட்டா, "இப்பதான் உமக்கு வழி தெரிஞ்சதோ?" எண்டு. அப்பிடியே திரும்பி வந்திட்டன். பெட்டியைக் கூட எட்டிப் பாக்கேல்லை. அந்தக் கேள்வியை நான் அவவுக்கு இண்டுவரைக்கும் மன்னிக்கேல்லை, மன்னிக்கவும் மாட்டன்.

அப்ப எட்டு வந்தது. எட்டுச் செலவு தெரியும்தானே? கனடாவிலை பிறந்த பிள்ளையோ நீங்கள்? சரி, சொல்லுறன். செத்து எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமான சாப்பாடு எல்லாம் சமைச்சு, மச்சம், அதுதான் மீன் இறைச்சி எல்லாம், குடிக்கிறவர் எண்டால் போத்திலும் வைச்சு, படத்துக்கு முன்னாலை படைச்சுப்போட்டுக் கதவைச் சாத்திறது. வீட்டார் வெளியிலை வந்து இருப்பினம். செத்தவர் வந்து ஆறுதலாய்ச் சாப்பிட்டுப் போகட்டும் எண்டு. அவை அவையின்ர வீட்டிலை படைக்கட்டும், நான் என்ர இடத்திலை படைப்பன் எண்டு வெளிக்கிட்டன். வடக்கை எனக்குப் பத்து ஏக்கர் காணி இருக்கு. காடுதான். அதுக்கை ஒரு சின்ன மரவீடு.

"அண்ணைக்கு என்ன விருப்பம் எண்டு அண்ணியை ஒருக்காக் கேளுங்கோவன்" எண்டா வதனி. எனக்குத் தெரியாததை அவவிட்டைக் கேக்கிறதோ? ஒரு பாயிலை படுத்து ஒரு கோப்பையிலை திண்டு வளந்தனாங்கள். ஆட்டிறைச்சி, எலும்போடை, மிளகு தூக்கலாய். நண்டுக் குழம்பு, முருங்கையிலை போட்டு. குத்தரிசிச் சோறு. பொரிச்ச சுறா. அரைப் போத்தில் விஸ்கி. நானே நிண்டு சமைச்சனான், வதனியை அடுப்படிக்கு விடேல்லை. கேதீஸ்தான் எங்களை ஏத்திக்கொண்டு போனவன், அண்டைக்கு எனக்குக் கார் ஓடுற நிலை இல்லை.

மத்தியானம். படைச்சன். அண்ணையின்ர படத்துக்கு முன்னாலை விளக்கேத்திக் கதவைச் சாத்திப்போட்டு வந்து படியிலை இருந்தம். கறி மணம் போகட்டும் எண்டு பின் யன்னலைத் திறந்து விட்டது நான்தான். காடு எண்டது அண்டைக்கு என்ர நினைவிலை இல்லை.

கொஞ்ச நேரம் போச்சுது. உள்ளுக்கை கோப்பை இழுபடுற சத்தம். வதனி என்ர கையைப் பிடிச்சா. பிறகு எலும்பு கடிக்கிற சத்தம். தம்பி, அண்ணை எலும்பு கடிச்சால் அடுத்த வீட்டுக்குக் கேக்கும். அப்பிடித்தான் கடிப்பார். "ஆரோ உள்ளுக்கை" எண்டு கேதீஸ் எழும்பினான். "இருடா! அண்ணை வந்திட்டார். சாப்பிடட்டும்" எண்டன்.

கதவடியிலை முழங்காலிலை இருந்தன். நான் அழுற ஆளில்லை, அம்மா செத்ததுக்கும் அழேல்லை. அண்டைக்கு அழுதன். நெத்தியைக் கதவிலை வைச்சுக்கொண்டு சொன்னன், "அண்ணை, நீங்கள் மூண்டு தரமும் அடிக்கேக்கை நான் பக்கத்திலைதான் இருந்தனான். பாத்துக்கொண்டுதான் இருந்தனான். அந்தக் காட் அச்சடிச்சவன்ர பிழை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. தெரிஞ்சும்தான் கதவைச் சாத்தினனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

உள்ளுக்கை சத்தம் நிண்டது. பிறகு ஒரு பெருமூச்சு. பெரிய மூச்சு, "ம்ம்ம்" எண்டு. சரியடா, விடு எண்ட மாதிரி.

என்ர நெஞ்சிலை எட்டு வருசமாய்க் கிடந்த கல்லை ஆரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு கதவைத் திறந்தன். யன்னலிலை முன்னங்காலை வைச்சு ஏறிக்கொண்டு ஒரு கறுத்தப் பின்பக்கம் நிக்குது. ஒருக்காத் தலையைத் திருப்பி என்னைப் பாத்தது. வலக்காது பிளந்திருந்தது. வாயிலை அண்ணைக்குப் போட்ட வாழையிலை. சட்டத்தையும் உடைச்சுக்கொண்டு குதிச்சு ஓடிட்டுது.

திரும்பிப் பாக்கிறன், கேதீஸ் ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். முழங்காலிலை இருந்து கடைசி வரைக்கும் எடுத்திருக்கிறான். பின்னேரம் ஸ்காபரோ முழுக்கப் போயிட்டுது, அடுத்த நாள் லண்டன், அதுக்கடுத்த நாள் யாழ்ப்பாணத்திலை என்ர பெரியம்மா பாத்திட்டுச் சிரிச்சவவாம். நான் சொன்னது எல்லாம் அதிலை வடிவாய்க் கேக்குது. அண்ணியும் பாத்தவ. மூண்டு தரம் அடிச்சதும் நான் எடுக்காததும் எனக்கும் அண்ணைக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம் எண்டு நினைச்சிருந்தன். இப்ப உலகத்துக்கே தெரியும். கோயில் வரிசையிலை நிண்டால் பின்னாலை நிக்கிறவன் மூச்சு விட்டுக் காட்டுறான், "ம்ம்ம்" எண்டு. கரடிச் சித்தப்பா எண்டு பேர் வைச்சிட்டாங்கள்.

கேதீஸ் என்ர வீட்டுப் படி மிதிக்கிறது அண்டோடை சரி. ஆனால் கரடியிலைதான் எனக்குக் கொதி. ஏன் தெரியுமோ? அது ஆட்டிறைச்சியைத் திண்டிருந்தால் விட்டிருப்பன். நண்டைத் திண்டிருந்தால் விட்டிருப்பன். அது என்ர மன்னிப்பைத் திண்டது தம்பி. ஐம்பத்தாறு வயசிலை முதல்முதல் ஒருத்தரிட்டை மன்னிப்புக் கேட்டன். அதைக் கேட்டுக்கொண்டு ஏப்பம் விட்டிட்டுப் போயிட்டுது. "இன்னொருக்காக் கேளுங்கோவன், உயிரோடை இருக்கிற அண்ணியிட்டைப் போய்க் கேளுங்கோவன்" எண்டா வதனி. மன்னிப்பென்ன பேப்பரே, நாளாந்தம் போடுறதுக்கு?

அந்தக் கரடியைக் கொல்லுறது, கொண்டு வந்து அண்ணியின்ர வாசல்லை போடுறது, அண்ணையின்ர பங்கைத் திண்டவன் இவன்தான் எண்டு சொல்லுறது. அது முடியுமட்டும் அந்த வாசல் மிதிக்கிறேல்லை எண்டு அண்டைக்கே முடிவெடுத்தன்.

துவக்கு வாங்கலாம்தானே எண்டு எல்லாரும் கேட்டவை. துவக்குச் சத்தம் ஊரிலை கேட்டது எனக்குக் காணும். அதோடை துவக்கெண்டால் எட்டத்திலை நிண்டு விட்டுப்போட்டு வரலாம். எனக்குக் கிட்டப் போகோணும். அது என்ர கதவுக்கு எவ்வளவு கிட்ட இருந்ததோ அவ்வளவு கிட்ட. அதுதான் வில்லு. கப்பி பூட்டின வில்லு, ஐம்பது இறாத்தல் இழுவை. முதல் மாசம் தோள்மூட்டு கழண்டு போற மாதிரி நோ, சேட் போட வதனி வேணும். பழக்கின வெள்ளைக்காரி சொன்னா, "கோவத்தோடை இழுக்காதை, அம்பு கோணலாய்ப் போகும்" எண்டு. கோவம் இல்லாமல் நான் ஏன் இந்த வயசிலை வில்லு இழுக்கப் போறன்?

முதல் வருசம் பக்கத்துக் காணிக்கார றொன் சொன்னபடி இரும்புப் பீப்பாயைச் சங்கிலியாலை மரத்தோடை கட்டி, பழைய டோனட்டும் பொரிச்ச எண்ணெயும் போட்டன். பதினெட்டு அடி தள்ளி இன்னொரு மரத்திலை இருக்கை கட்டி ஏறி இருந்தன். டோனட்டை ரக்கூன் திண்டுது. ரண்டாம் வருசம் கரடி வந்தது. காதைக் கண்டன், பிளந்த காது. கோவத்தோடை இழுத்தன், அம்பு கோணிப் பீப்பாயிலை பட்டு டங் எண்டுது. அந்த வருசம் அதுக்குப் பிறகு அது வரேல்லை.

இந்த வருசம்தான் யோசிச்சன். டோனட்டுக்கு அது ஏன் வரப்போகுது? அதுக்கு ருசி காட்டினது நான்தானே. மரவீட்டிலை போய்ப் படுத்துக்கிடந்து, பின்னேரத்திலை சமைச்சன். எலும்போடை ஆட்டிறைச்சி, மிளகு தூக்கலாய். நண்டு, முருங்கையிலை. குத்தரிசிச் சோறு. ஒண்டும் குறையேல்லை, விஸ்கியைத் தவிர. விடியக் கொண்டுபோய்ப் பீப்பாயிலை கொட்டிப்போட்டு மரத்திலை ஏறி இருந்தன்.

முதல் நாளே வந்திட்டுது. காலமை வெளிச்சத்திலை, தன்ர வீட்டுக்கு வாற மாதிரி வந்து இருந்து சாப்பிட்டுது. அண்டைக்கு ஒரு கொப்பு குறுக்கை நிண்டது, விடேல்லை. ரண்டாம் நாள் காத்து மாறி அடிச்சுது. மூண்டாம் நாள் ஒரு தடையும் இல்லை, ஆனால் அது எலும்பு கடிச்ச சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்ததிலை நேரம் போயிட்டுது. நாலாம் நாள் நண்டு கொஞ்சம் கூடப் போட்டன். இரைக்குத்தான். அண்டைக்கு அது முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திட்டுது, முதுகிலை விடக் கூடாது. வதனி ஃபோனிலை கேக்கிறா, "நீங்கள் கரடி பிடிக்கப் போனனீங்களோ, வளக்கப் போனனீங்களோ?" எண்டு. அவவுக்கு வேட்டை விளங்காது.

இண்டைக்கு அஞ்சாம் நாள். திவசம். இண்டைக்கு விடாட்டில் இனி இல்லை. வந்தது, இருந்தது, திண்டது. வழிச்சுத் திண்டுபோட்டுத் தலையைத் தூக்கி ஒரு மூச்சு விட்டுது. அதே மூச்சு. எனக்குக் கொதி உச்சந்தலை வரைக்கும் ஏறினது. முன்னங்காலை முன்னுக்கு வைச்சுது, விலா திறந்தது. இழுத்தன். அம்பு போனது கூடத் தெரியேல்லை, இறகு மட்டும் விலாவிலை தெரிஞ்சுது. நாப்பது அடி ஓடி விழுந்தது. விழுந்து ஒரு சத்தம் போட்டுது, நீட்டி, மனிசர் அணுங்கிற மாதிரி. பிறகு சத்தம் இல்லை.

அரை மணித்தியாலம் மரத்திலை இருந்திட்டு இறங்கினன். கிட்டப் போய்க் காதைப் பிடிச்சுப் பாத்தன். அதே காதுதான். "திண்டியோ? இப்பத் திண்டு பாரன்!" எண்டு கத்தினன். காடு முழுக்கக் கேட்டிருக்கும். வயித்தைத் திறக்கேக்கை எங்கட கறி மணந்தது தம்பி. மிளகு மணம். ஒரு கொஞ்சம் தள்ளிப் போய் இருந்திட்டு வந்துதான் மிச்சத்தை வெட்டினன். தனிய, பிளாஸ்ரிக் சறுக்குப் பலகையிலை கட்டி இழுத்து, கப்பியாலை ட்ரக்கிலை ஏத்தி, மூண்டு மணித்தியாலம் ஓடி, ரண்டு மணிக்கு அண்ணியின்ர வாசல்லை நிப்பாட்டினன். ஹோர்ன் அடிச்சன். எல்லாரும் வந்து யன்னலிலை நிண்டினம். கேதீஸ் ஃபோனைத் தூக்கினான். எடடா, நல்லா எடு, இதையும் அனுப்பு எண்டு படங்கை இழுத்து விட்டன்.

அண்ணிதான் வெளியிலை வந்தா. காகத்துக்கு வைக்கிற சோறு இலையிலை, கையிலை. தலை முழுக்க நரைச்சுப் போச்சுது. கரடியைக் கனநேரம் பாத்தா. "இதுவோ தம்பி?" எண்டா.

"ஓம் அண்ணி, இதுதான். அண்ணைக்குப் படைச்சதைத் திண்டது."

"என்ன படைச்சனீர்?"

சொன்னன். ஆட்டிறைச்சி, நண்டு, சுறா, விஸ்கி. ஒண்டும் விடாமல் சொன்னன். என்ர அண்ணைக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியும் எண்டு அந்தச் சனத்துக்கும் கேக்கட்டும் எண்டு சத்தமாய்ச் சொன்னன்.

அவ இலையை மதிலிலை வைச்சா. "அவர் மச்சம் தொடாமல் எட்டு வருசம்" எண்டா. "நீர் கதவைச் சாத்தின அண்டைக்கு நேரை கோயிலுக்குப் போய் நேத்தி வைச்சவர். நீர் அவரோடை ஒரு சொல்லுக் கதைக்குமட்டும் மச்சம் வாயிலை வைக்கிறேல்லை எண்டு. டொக்டர் மீனாவது முட்டையாவது குடுங்கோ, உடம்பு தாங்காது எண்டவர். மாட்டன் எண்டிட்டார். அவன் ஒரு ஹலோ சொன்னாக் காணும், நேத்தி முடிஞ்சிடும் எண்டுதான் உமக்கு அடிச்சவர். மூண்டு தரம் அடிச்சிட்டு ஃபோனை என்னட்டைத் தந்திட்டார். எட்டுக்கும் நாங்கள் மரக்கறிதான் படைச்சனாங்கள்."

சத்தம் போடாமல் சொன்னா. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பன். பதினொரு வருசமாய் ஏச்செல்லாம் தயாராய் வைச்சிருந்தனான். "வாரும், சாப்பிடும். இலை இருக்கு" எண்டா. "கை மணக்குது அண்ணி" எண்டன். அவ உள்ளை போயிட்டா. நான் திரும்ப ஏறி ஸ்ராட் பண்ணினன், ட்ரக் வரேல்லை. அத்தனை சனத்துக்கு முன்னாலை, கரடியும் நானும், உங்களுக்கு ஃபோன் அடிச்சுப்போட்டு முக்கால் மணித்தியாலம் நிண்டனாங்கள்.

பாத்தீங்களோ தம்பி, ரோசத்திலையும் அவர் எனக்குத் தமையன்தான். நான் மூண்டு தரம்தான் ஃபோன் எடுக்காமல் விட்டனான். அவர் எட்டு வருசமாய், ஒவ்வொரு நேரமும் கோப்பையிலை கை வைக்கேக்கை, எனக்காண்டி ஒரு கறியைத் தள்ளி வைச்சிருக்கிறார். இதுக்கு நான் ஆரிலை பழி தீக்கிறது? எந்த மரத்திலை ஏறி இருந்து ஆருக்கு விடுறது? நான் படைச்சதை அண்ணை வந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டார். அண்டைக்கும் இந்த அஞ்சு நாளும் நான் சமைச்சதைத் திண்டதும், நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டதும், அந்தா பின்னாலை கிடக்கிறது ஒண்டுதான்.

உந்தச் சந்தியிலை வலப்பக்கம் திருப்புங்கோ. நீங்கள் மச்சம் சாப்பிடுவீங்கள்தானே? ஒரு தொடை வெட்டித் தாறன், கொண்டுபோறியளோ? வேண்டாமோ? சரி. வதனியும் தொடமாட்டா. அண்ணியின்ர வாசல்லை நிக்கேக்கை, இண்டையிலை இருந்து நானும் மச்சம் விடுறன் எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்தது தம்பி. ஆனால் இஞ்சை சட்டம் இருக்கு, வேட்டையாடின இறைச்சியை எறியக் கூடாது. நூற்றைம்பது இறாத்தல் வரும். நான்தான் இருந்து திண்டு முடிக்கோணும்.